கைவேலைக்கு ஏஆர் கண்ணாடி: கண் களைக்காமலும் வேலை பிசகாமலும் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

1990ஆம் ஆண்டு வாக்கில் போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய டாம் கோடெல் ஒரு சிக்கலுக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். விமானத்துக்குள் ஓடும் மின்கம்பிகளைக் கட்டுக் கட்டாகச் சேர்ப்பதற்காகத் தொழிலாளர்கள் பெரிய பலகைகளைப் பார்த்து ஒவ்வொரு கம்பியாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டு மாறினால் பலகையும் மாற வேண்டும். பலகையில் எதையும் குறிக்காமல், தொழிலாளி அணிந்திருக்கும் கண்ணாடியே அடுத்த கம்பி போக வேண்டிய வழியைக் காட்டினால் என்ன என்பதுதான் கோடெலின் யோசனை. அதற்கு அவர் இட்ட பெயரைத்தான் இன்று ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏஆர், தமிழில் மிகை மெய்மை என்று வழங்குகிறோம்.

அந்த யோசனையின் மையத்தில் இருந்தது கைக்கெட்டும் தூரத்து வேலை. இன்று சந்தையில் உள்ள ஏஆர் கண்ணாடிகளில் பெரும்பாலானவை திணறுவதும் அதே தூரத்தில்தான். பட்டறையிலோ, பராமரிப்புக் கூடத்திலோ, ஆய்வகத்திலோ, தொழிற்பயிற்சி வகுப்பிலோ இந்தக் கண்ணாடியை அறிமுகப்படுத்த நினைப்பவர்களுக்காகவும், அதை அணிந்து வேலை செய்யப் போகிறவர்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கண் நோகவில்லை என்பது வேலை சரியாக நடக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது, வேலை வேகமாக முடிகிறது என்பது கண் நலமாக இருக்கிறது என்பதற்கும் சான்று ஆகாது. இரண்டையும் தனித்தனியாகக் கவனித்து, தனித்தனியாக அளக்க வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு கருத்தின் மீதுதான் நிற்கின்றன.

தொடங்குமுன்: கண்ணுக்குள் நடப்பது என்ன?

அருகிலுள்ள ஒரு பொருளைப் பார்க்கும்போது நம் கண்கள் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்கின்றன. இரு விழிகளும் மூக்கை நோக்கிச் சற்று உட்பக்கமாகத் திரும்புகின்றன. அதே நேரத்தில் ஒவ்வொரு கண்ணின் உள்ளே இருக்கும் லென்ஸும் தடித்து, பார்வையை அந்தத் தூரத்தில் கூர்மையாக்குகிறது. கண்மணிகளுக்கிடையே 63 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள ஒருவர் 2 மீட்டர் தொலைவில் பார்க்கும்போது இரு விழிகளின் பார்வைக் கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ 1.8 பாகை கோணம் உண்டாகும். அதே நபர் 40 சென்டிமீட்டரில் உள்ள திருகாணியைப் பார்த்தால் அது 9 பாகையாகிவிடும். விழி திரும்பும் அளவும் லென்ஸ் தடிக்கும் அளவும் மூளையில் பிணைக்கப்பட்டவை. ஒன்று நகர்ந்தால் மற்றதும் கூடவே நகரும்.

ஏஆர் கண்ணாடி இந்தப் பிணைப்பைப் பிரித்துவிடுகிறது. அதில் தெரியும் படத்தின் ஒளி, ஒளியியல் முறைப்படி ஒரே ஒரு நிலையான தூரத்திலிருந்து வருவதுபோல் அமைக்கப்பட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ் 2 கருவியில் அந்தத் தூரம் ஏறத்தாழ 2 மீட்டர். மென்பொருள் ஓர் அம்புக்குறியை 40 சென்டிமீட்டரில் இருப்பதுபோல் வரைந்தால், விழிகள் 40 சென்டிமீட்டருக்குத் திரும்ப, லென்ஸோ 2 மீட்டரில் நின்றால்தான் படம் தெளியும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, இந்த முரண்பாடு கண்ணைச் சோர்வடையச் செய்வதோடு காட்சியை உணர்ந்துகொள்ளும் திறனையும் குறைக்கிறது என்பதைச் சோதனைக்கூடத்தில் காட்டியது.

கண்ணை முழுவதும் மூடி, கணினி வரைந்த உலகை மட்டும் காட்டும் விஆர் ஹெட்செட்டில் இந்தத் தொல்லை ஒரு பங்கு என்றால், ஏஆரில் அது இரு பங்கு. ஏஆரில் உண்மையான பொருளும் கூடவே நிற்கிறது. கை பிடித்திருக்கும் திருகாணி தெளிவாகத் தெரிந்தால் அதன் மேல் வரைந்த வட்டம் மங்கும், வட்டம் தெளிந்தால் திருகாணி மங்கும். கண் இந்த இரண்டுக்கும் நடுவே ஓயாமல் சமரசம் தேடிக்கொண்டிருக்கும்.

படி 1: வேலைக்கு ஏற்ற கண்ணாடி வகையைத் தேர்ந்தெடுங்கள்

ஏஆர் கண்ணாடி என்ற ஒரே பெயரில் மூன்று வேறுபட்ட கருவிகள் விற்கப்படுகின்றன. ஒரு கண்ணுக்கு மட்டும் சிறு திரை காட்டுபவை முதல் வகை. 2023இல் விற்பனை நிறுத்தப்பட்ட கூகுள் கிளாஸ் இவ்வகையே, 2025இல் வந்த மெட்டா ரே-பேன் டிஸ்பிளேயும் வலது கண்ணுக்கு மட்டுமே படம் காட்டுகிறது. இரு கண்களுக்கும் ஒரு பெரிய மிதக்கும் திரையைக் காட்டும் எக்ஸ்ரியல் ஏர் போன்றவை இரண்டாம் வகை. அறையின் அமைப்பைப் படித்து, உண்மையான பொருளின் மீதே படத்தை ஒட்டிவைக்கும் ஹோலோலென்ஸ் 2, மேஜிக் லீப் 2 போன்றவை மூன்றாம் வகை. ஹோலோலென்ஸ் 2இன் உற்பத்தி 2024இல் நிறுத்தப்பட்டாலும் இதுவரை வாங்கப்பட்டவை பல கூடங்களில் இன்னமும் உழைக்கின்றன என்பதால், எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

வேலைக்குத் தேவைப்படுவது ஓர் எண்ணோ, ஒரு சொற்றொடரோ மட்டும் என்றால் மூன்றாம் வகையை வாங்க வேண்டாம். நெதர்லாந்தில் டிஎச்எல் நிறுவனம் தன் கிடங்கு ஒன்றில் முதல் வகைக் கண்ணாடிகளை வைத்து நடத்திய முன்னோட்டத்தில், பொருள் எடுக்கும் பணியில் திறன் 25 விழுக்காடு கூடியதாக 2015இல் அறிவித்தது. எந்த அடுக்கு, எத்தனை பெட்டி என்ற செய்தி கண்ணோரத்தில் தெரிந்தாலே அங்கே போதுமானதாக இருந்தது. எதையும் எதன் மீதும் துல்லியமாக ஒட்டவைக்கும் தேவை எழவில்லை.

ஒற்றைக்கண் திரையிலும் ஒரு தொல்லை உண்டு. ஒரு கண்ணுக்குப் படமும் மறு கண்ணுக்கு வெறும் சுவரும் தெரியும்போது மூளை ஒன்றை அமுக்கி மற்றொன்றைக் காட்டும், சிறிது நேரத்தில் அது தானாக மாறிவிடும். எனவே திரையை நீண்ட நேரம் உற்றுப் பார்க்கும் வேலைக்கு இவ்வகை உதவாது. எட்டிப் பார்த்துவிட்டு விலகும் வேலைக்குத்தான் ஏற்றது.

படி 2: அணியப் போகிறவரின் கண்ணை முதலில் சோதியுங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பதே மிகப் பரவலான தவறு என்று கருதுகிறேன். கருவிக்குப் பெரும்பணம் செலவிடுகிறவர்கள் கண் பரிசோதனைக்கு அரை நாள் ஒதுக்கத் தயங்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று தகவல்கள் தேவை: இன்றைய கண்ணாடிப் பவர், கண்ணாடிக் கடைகளில் பி.டி. என்று குறிப்பிடும் கண்மணி இடைவெளி, இரு கண்களும் இணைந்து வேலை செய்யும் திறன்.

பவர் விஷயத்தில், ஹோலோலென்ஸ் 2ஐ வழக்கமான மூக்குக்கண்ணாடியின் மீதே அணியலாம். மேஜிக் லீப் 2 போன்றவற்றில் தனியாக லென்ஸ் செருக வேண்டும். கிட்டப்பார்வை உள்ளவர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏஆர் கண்ணாடியை மட்டும் அணிவது வீண். படம் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் திரையிலிருந்து உருவானாலும், கண்ணுக்கு அது இரண்டு மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் ஒளியே.

கண்மணி இடைவெளி பெரியவர்களிடம் சராசரியாக 63 மில்லிமீட்டர் என்றாலும், பெரும்பாலானோர் 50க்கும் 75க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். கருவியில் தவறான எண் பதிந்திருந்தால் படத்தின் தூரமே பிழையாகத் தெரியும், கண்ணும் கூடுதலாக இழுபடும். கண் அசைவைப் பின்தொடரும் கருவிகள், அணிந்தவுடன் நடக்கும் தொடக்க அளவீட்டின்போது இதைத் தாமே கணக்கிட்டுக்கொள்கின்றன. ஒரே கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், முந்தையவரின் அளவோடு அடுத்தவர் வேலையைத் தொடங்குவது அடிக்கடி நடக்கிறது. அதை விதி வைத்துத் தடுக்க வேண்டும்.

மாறுகண், சிறு வயதிலேயே ஒரு கண்ணின் பார்வை குன்றிய நிலை, அருகில் பார்க்கும்போது விழிகளை உட்பக்கம் குவிப்பதில் குறைபாடு ஆகியவை உள்ளவர்கள், இரு கண் கருவிகளை அணியுமுன் கண் மருத்துவரின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

நாற்பதைக் கடந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்து, பெரியவர்கள் சாளேஸ்வரம் என்று சொல்வது, வந்த ஒருவர் பைஃபோகல் அல்லது புரோகிரசிவ் லென்ஸ் அணிந்திருப்பார். அந்த லென்ஸின் கீழ்ப்பகுதி கிட்டத்துக்காகவும் மேற்பகுதி தூரத்துக்காகவும் அரைக்கப்பட்டது. அவர் மேசையைக் குனிந்து பார்க்கும்போது, அங்கே ஒட்டப்பட்ட ஏஆர் படத்தையும் அந்தக் கீழ்ப்பகுதி வழியாகவே பார்க்கிறார். படத்தின் ஒளியோ 2 மீட்டரிலிருந்து வருகிறது, ஆகவே அது மங்குகிறது. தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் படத்தைத் தெளிவாக்கினால் கையிலிருக்கும் பொருள் தப்பிவிடுகிறது. இப்படி நாள் முழுவதும் தலையை ஆட்டி முடிப்பவருக்குக் கழுத்து வலி வருவதில் வியப்பில்லை. தீர்வு எளியது. வேலைப் பொருள் இருக்கும் தூரம், கருவியின் படத் தூரம் ஆகிய இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கண் பரிசோதகரிடம் போய், அந்த வேலைக்கென்றே ஒரு தனிக் கண்ணாடி எழுதித்தரக் கேளுங்கள்.

படி 3: தலையில் சரியாகப் பொருத்துங்கள்

ஹோலோலென்ஸ் 2இன் எடை 566 கிராம். மின்கலம் பின்பக்கம் இருப்பதால் சுமை சமமாகப் பிரிகிறது. மேஜிக் லீப் 2இல் தலையில் 260 கிராம்தான் இருக்கும், கணிப்பகுதி இடுப்புக்குப் போய்விடுகிறது. எடையைவிட முக்கியமானது, கண்ணுக்கும் லென்ஸுக்குமான இடைவெளி. படம் முழுமையாகத் தெரிவதற்குக் கண் இருக்க வேண்டிய இடம் மிகச் சிறியது. மூக்குப்பட்டை சற்று இறங்கினாலே படத்தின் ஓர் ஓரம் வெட்டுப்படும் அல்லது நிறம் மாறும்.

பொருத்திய பின் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். கருவியில் ஒரு பெரிய செவ்வகத்தைத் திரையிட்டு, முதலில் இடது கண்ணையும் பிறகு வலது கண்ணையும் மூடிப் பாருங்கள். இரு முறையும் நான்கு மூலைகளும் தெரிய வேண்டும். பிறகு இரு கண்களையும் திறந்து, ஒரு மெல்லிய கிடைக்கோட்டைப் பாருங்கள். அது மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்து தெரிந்தால், ஒரு கணம் தெரிந்து பிறகு ஒன்றாகச் சேர்ந்தாலும்கூட, அந்தக் கருவியைப் பயன்படுத்தாதீர்கள். பக்கவாட்டில் விழிகள் வெகுதூரம் நகர்ந்து ஈடுசெய்யும், மேல்கீழாக நகர்ந்து ஈடுசெய்யும் திறன் மிகக் குறைவு. சட்டம் வளைந்த இலகு ரகக் கண்ணாடிகளில் இந்தக் கோளாறு நேர வாய்ப்பு அதிகம், அதைக் கண் மௌனமாகச் சுமந்து மாலையில் தலைவலியாகத் திருப்பித் தரும்.

படி 4: தூரத்தைக் கணக்கிட்டு ஒழுங்குபடுத்துங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கணக்கு பள்ளிக்கூட அளவிலானது. மீட்டரில் சொன்ன தூரத்தால் ஒன்றை வகுத்தால், கண் எவ்வளவு குவிய வேண்டும் என்பதைக் குறிக்கும் டயாப்டர் கிடைக்கும். 2 மீட்டர் என்றால் 0.5 டயாப்டர், 1 மீட்டர் என்றால் 1, 50 சென்டிமீட்டர் என்றால் 2, 40 சென்டிமீட்டர் என்றால் 2.5. கருவியின் படத் தூரத்துக்கும், படம் இருப்பதாகக் காட்டும் தூரத்துக்கும் இடையிலான டயாப்டர் வேறுபாடு அரை அளவுக்குள் இருந்தால் பெரும்பாலானோர் சிரமமின்றிப் பார்க்கலாம் என்பது நடைமுறையில் நம்பத்தக்க வரம்பு. ஹோலோலென்ஸ் 2க்கு அந்த வரம்பு 1 மீட்டரிலிருந்து தொடங்கி அடிவானம் வரை நீள்கிறது. படத்தை 1.25 மீட்டருக்கும் 5 மீட்டருக்கும் இடையில் வைப்பது சிறந்தது என்றும், 1 மீட்டருக்குள் கொண்டுவருவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும், 40 சென்டிமீட்டரை நெருங்கும்போது படத்தை மங்கச்செய்து மறைத்துவிட வேண்டும் என்றும் மைக்ரோசாஃப்ட் தன் வடிவமைப்பாளர்களுக்குச் சொல்லும் அறிவுரையும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

முதல் வேலை, குறிப்புப் பலகைகளை இடம் மாற்றுவது. படிக்க வேண்டிய எழுத்தும் வரைபடமும் வேலைப் பொருளின் மேல் மிதக்க வேண்டிய அவசியமில்லை. அவற்றை மேசைக்குப் பின்னால், ஒன்றே கால் முதல் இரண்டு மீட்டர் தூரத்தில் நிறுத்துங்கள். வாசிக்கும்போது அங்கே கண்ணுக்கு முரண்பாடு இராது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. கண் பலகைக்கும் பொருளுக்குமாகப் போய் வர வேண்டியிருக்கும். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் ஜோசப் கேபர்ட், மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஸ்வான் ஆகியோரின் குழு நடத்திய ஆய்வில், ஏஆர் படத்துக்கும் உண்மை உலகத்துக்கும் இடையே கவனத்தை மாற்றுவதும், ஒரு தூரத்திலிருந்து மற்றொரு தூரத்துக்குப் பார்வையை மாற்றுவதும் செயல்திறனைக் குறைப்பதாகத் தெரியவந்தது. ஆகவே தாவல்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வகையில் குறிப்புகளை எழுத வேண்டும். ஒரு முறை படித்தால் அடுத்த அரை நிமிடம் கை தானாகச் செய்யக்கூடிய அளவுக்குச் செயல்களைச் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு பலகை என்று பிரித்தால் கண் ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும்.

பொருளின் மீதே அம்புக்குறி வேண்டும் என்ற இடங்களில் அது சில வினாடிகள் மட்டும் தோன்றட்டும். இடத்தைக் காட்டிவிட்டு, கை அங்கே சென்றவுடன் மறைந்துவிட வேண்டும் அல்லது ஒரு குரல் கட்டளைக்கு மறைய வேண்டும். கை துல்லியமாக வேலை செய்யும் நொடியில் படம் குறுக்கே நிற்கக் கூடாது.

அடுத்தது, வேலையைக் கொஞ்சம் தள்ளிவைப்பது. வேலைப் பொருள் 50 சென்டிமீட்டரில் இருந்தால் ஹோலோலென்ஸின் 2 மீட்டர் படத் தூரத்தோடு வேறுபாடு 1.5 டயாப்டர். மேசையின் உயரத்தையும் நிற்கும் இடத்தையும் மாற்றி அதை 80 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால் வேறுபாடு 0.75ஆகப் பாதியாகிவிடும். மென்பொருளில் ஒரு வரியும் மாற்றாமல், ஒரு தச்சரின் உதவியோடு கிடைக்கும் முன்னேற்றம் இது.

மேஜிக் லீப் நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுக் கருவி, ஒன்றுக்குப் பதிலாக இரண்டு படத் தூரங்களை அளித்து இந்தச் சிக்கலைத் தணிக்க முயன்றது. அந்த வழி பரவவில்லை. எனவே 30, 40 சென்டிமீட்டரில் செய்ய வேண்டிய நுண்வேலைக்கு, இப்போதைய நிலையான தூரக் கண்ணாடிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலிருந்து ஒளியைப் பொருளின் மீதே பாய்ச்சும் புரொஜெக்டரைப் பயன்படுத்துங்கள். அதில் குறியும் பொருளும் ஒரே தூரத்தில் இருப்பதால் கண்ணுக்கு முரண்பாடே எழுவதில்லை.

படி 5: வெளிச்சத்தையும் பின்னணியையும் சீரமையுங்கள்

ஊடே பார்க்கும் ஏஆர் கண்ணாடி ஒளியைச் சேர்க்க மட்டுமே வல்லது, அதனால் எதையும் கறுப்பாக்க முடியாது. அதில் கறுப்பு என்றால் ஒன்றுமில்லை என்று பொருள், வெறும் பின்னணி தெரியும். இதை மறந்து வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்ற அச்சுப் பழக்கத்தை அப்படியே கொண்டுவருகிறவர்கள், அணிபவரின் முகத்துக்கு எதிரே ஒரு வெள்ளை விளக்கை ஏற்றிவைக்கிறார்கள். வெளிர் நிற எழுத்தும், அதற்குப் பின்னால் அடர்நீலம் போன்ற மங்கிய ஒரு பட்டையும் வைத்தால் எழுத்து பின்னணிக் கோலங்களிலிருந்து பிரிந்து தெரியும்.

ஒரு பரப்பின் மீது விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகிலும், அதிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிர்வை நிட் என்ற அலகிலும் அளக்கிறார்கள். அலுவலகத்தில் 500 லக்ஸ் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஏறத்தாழ 125 நிட் ஒளிர்வுடன் தெரிகிறது. நண்பகல் வெயிலில் அதே தாள் 25,000 நிட்டைத் தொடும். மெட்டா ரே-பேன் டிஸ்பிளேயின் திரை 5,000 நிட் வரை ஒளிரும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. இன்றைய கண்ணாடிகளில் இது மிக உயர்ந்த அளவு. இருந்தும் வெயிலுக்கு ஈடாகாது என்பதால்தான் வெளியே தானாகக் கருக்கும் லென்ஸை அதில் சேர்த்திருக்கிறார்கள். மேஜிக் லீப் 2இல் லென்ஸை மின்முறையில் கருக்கும் வசதி உண்டு. அதை இயக்கும்போது உண்மை உலகமும் கருத்துவிடும் என்பதால், சுழலும் இயந்திரங்களுக்கு அருகில் அதை முழு அளவில் வைக்கக் கூடாது.

வேலையிடத்தில் செய்ய வேண்டியவை எளியவை. சன்னலுக்கு எதிராக மேசையைப் போடாதீர்கள், பளபளக்கும் உலோகப் பலகையின் மேல் மங்கலான விரிப்பைப் போடுங்கள். அதற்காக அறையை இருட்டாக்கிவிடவும் வேண்டாம். இருட்டில் கண்மணி விரிந்து படம் இன்னும் மங்கும், கையும் பொருளும் தெரியாமல் போகும், கருவியின் கேமராக்களும் இடத்தைத் தவறவிடும்.

படி 6: எழுத்தின் அளவும் படத்தின் இடமும்

திரை எழுத்துகளின் உயரம் கண்ணில் 20 முதல் 22 கோண நிமிடங்கள் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம்) இருக்க வேண்டும் என்பது ஐஎஸ்ஓ 9241 தரநிலையின் பரிந்துரை. 2 மீட்டரில் 22 கோண நிமிடம் என்பது ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். ஊடே தெரியும் பின்னணி எழுத்தின் விளிம்பைக் கரைத்துவிடும் என்பதால், ஏஆரில் இந்த அளவை இரட்டிப்பாக வைப்பது நல்லது. தமிழ் எழுத்துகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ண, ன, ற, ள போன்றவற்றின் சுழிகளும், மெய்யெழுத்தின் புள்ளியும் மங்கினால் சொல்லே மாறிப்போகும். தடித்த கோடுள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

படத்தை முகத்தோடு ஒட்டவைத்து, தலை திரும்பும் திசையெல்லாம் கூடவே வருமாறு செய்யாதீர்கள். அது முகத்தில் ஒட்டிய தூசிபோல் எரிச்சலூட்டும், சிலருக்குக் குமட்டலையும் தரும். இடத்தில் நிற்க வேண்டும், அல்லது சற்றுத் தாமதித்து மெதுவாகப் பின்தொடர வேண்டும். உயரத்தைப் பொறுத்தவரை, கண் மட்டத்துக்கு மேலே 10 பாகையைத் தாண்டாமல், இயல்பான கீழ்நோக்கிய பார்வையில் வைப்பது கழுத்துக்கு நல்லது.

கவனம் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் 1980இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், விமானிகளின் கண்ணெதிரே ஒளிக்குறிகளைக் காட்டும் திரையுடன் பாவனைக் கருவியில் தரையிறங்கச் செய்தார்கள். ஓடுபாதையில் குறுக்கே நின்ற மற்றொரு விமானத்தை எட்டு விமானிகளில் இருவர் கவனிக்கவே இல்லை. பார்வைக்கு நேராகத்தான் அந்த விமானம் இருந்தது, ஆனால் கவனம் ஒளிக்குறிகளிடம் சிக்கிக்கொண்டது. எனவே நடக்கும்போதும், பளுதூக்கி நகரும் இடத்திலும், மின்சாரம் பாயும் பகுதிக்கு அருகிலும் படங்களைத் தானாக அணைக்கும் ஏற்பாட்டைக் கட்டாயம் செய்யுங்கள்.

படி 7: படம் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து வையுங்கள்

தலையைத் திருப்பும்போது படம் சற்றுத் தாமதமாகவே பின்தொடரும். நொடிக்கு 50 பாகை வேகத்தில் தலை திரும்பி, தாமதம் 20 மில்லிவினாடி என்றால் படம் 1 பாகை பின்தங்கும். 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது ஒரு சென்டிமீட்டர் பிசகு. கருவிகள் தலையின் அசைவை முன்கூட்டியே கணித்து இதைப் பெருமளவு குறைத்துக்கொள்கின்றன, ஆனாலும் அறவே இல்லாமல் ஆக்குவதில்லை.

வரைபடத் தாள் ஒன்றை மேசையில் ஒட்டி, அதன் ஒரு சந்திப்புப் புள்ளியில் ஏஆர் குறியை நிறுத்துங்கள். அணிந்தவர் இடப்பக்கமிருந்தும் வலப்பக்கமிருந்தும் குனிந்தும் பார்த்து, குறி எத்தனை மில்லிமீட்டர் விலகித் தெரிகிறது என்று எழுதட்டும். கிடைக்கும் மிகப்பெரிய விலகலைக் காட்டிலும் நுண்மையான வேலையை அந்தக் குறியை நம்பிச் செய்யக் கூடாது. எட்டு மில்லிமீட்டர் விலகும் கருவியால் எந்தப் பெட்டியைத் திறப்பது என்று காட்ட முடியும், எங்கே துளையிடுவது என்று காட்ட முடியாது.

படி 8: நேரத்தை மெல்லக் கூட்டுங்கள்

அமெரிக்கத் தரைப்படைக்காக ஹோலோலென்ஸை அடிப்படையாகக் கொண்டு மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய ஐவாஸ் என்னும் தலைக்கருவியின் சோதனையில், வீரர்கள் தலைவலி, கண் சோர்வு, குமட்டல் ஆகியவற்றைத் தெரிவித்தார்கள். தொல்லை உணர்ந்தவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு அது மூன்று மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 2022ஆம் ஆண்டுச் சோதனை அறிக்கை பதிவு செய்தது. உடல் உறுதி வாய்ந்த இளைஞர்களுக்கே இந்த நிலை என்றால், எட்டு மணி நேர ஷிஃப்ட் முழுவதும் இதை அணியச் சொல்வது நியாயமாகாது.

முதல் நாளில் 15 நிமிடம் போதும். ஒரு வாரத்தில் படிப்படியாக 45 நிமிடம் வரை கூட்டி, ஒவ்வொரு அமர்வுக்கும் பிறகு குறைந்தது 10 நிமிடம் கழற்றி வையுங்கள். அந்த இடைவேளையில் கைபேசியைப் பார்க்கக் கூடாது, சன்னல் வழியே தொலைவில் பார்க்க வேண்டும். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் உலரும். முகத்தருகே கருவியின் வெப்பமும் சேரும்போது எரிச்சல் விரைவில் வரும், ஆகவே வேண்டுமென்றே இமைக்கும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே கற்றுத்தர வேண்டும். ஹோலோலென்ஸ் 2இன் முன்மூடியை மேலே தூக்கிவிட முடியும். படம் தேவைப்படாத ஒவ்வொரு நிமிடமும் அதைத் தூக்கி வைக்கப் பழகியவர்கள் நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பார்கள்.

படி 9: கண்ணையும் கையையும் தனித்தனியாக அளவிடுங்கள்

இத்தாலியின் பீசா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனையை ஏஆர் கண்ணாடி வாங்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஹோலோலென்ஸ் அணிந்த 20 பேரைக் கைக்கெட்டும் தூரத்தில் அளவுகோலும் பென்சிலும் கொண்டு புள்ளிகளை இணைக்கச் சொன்னார்கள், பிறகு வெறுங்கண்ணோடும் அதையே செய்யச் சொன்னார்கள். ஏஆர் வழிகாட்டலில் பிழை கூடியது. இதைவிட முக்கியமான செய்தி, தங்கள் துல்லியம் குறைந்திருப்பதை அவர்கள் உணரவில்லை என்பது. எப்படி இருந்தது என்று வாய்மொழியாகக் கேட்டு, நன்றாக இருந்தது என்ற பதிலோடு சோதனையை முடிக்கும் வழக்கம் ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

இந்தச் சோதனையை நீங்களும் நடத்தலாம். தாளில் எட்டு அல்லது பத்துப் புள்ளிகளை அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஒரு முறை அச்சிட்ட புள்ளிகளைப் பார்த்து வெறுங்கண்ணால் இணைக்கட்டும். மறுமுறை வெற்றுத்தாளில் கண்ணாடி காட்டும் அதே புள்ளிகளை இணைக்கட்டும். பாதிப் பேர் வெறுங்கண்ணிலும் மறுபாதிப் பேர் கண்ணாடியிலும் தொடங்க வேண்டும், இல்லையேல் பழக்கத்தால் வரும் முன்னேற்றம் கண்ணாடியின் கணக்கில் போய்ச் சேரும். கோடுகளின் விலகலை மில்லிமீட்டரில் அளந்து, எடுத்துக்கொண்ட நேரத்தையும் எழுதுங்கள். ஓர் அமர்வின் தொடக்கத்தில் ஒரு தாள், முடிவில் ஒரு தாள் என்று வைத்தால், களைப்பு கையை எவ்வளவு பாதிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அதன் பிறகு உண்மையான வேலையில், காகிதக் குறிப்பேட்டோடும் கண்ணாடியோடும் மாறி மாறிச் செய்து பிழைகளை எண்ணுங்கள்.

கண்ணின் நிலையை அறிய, 1993இல் கென்னடி குழுவினர் வெளியிட்ட 16 அறிகுறிகள் கொண்ட வினாத்தாள் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. தலைவலி, கண் சோர்வு, பார்வை குவிவதில் சிரமம், குமட்டல் போன்ற ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும். அணிவதற்கு முன்பும் ஒரு முறை நிரப்பச் சொல்லுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவரின் தலைவலியைக் கண்ணாடியின் மேல் போடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். வேலைச் சுமையை மதிப்பிட, 1988இல் வெளியான நாசா டிஎல்எக்ஸ் என்னும் ஆறு கேள்வி அளவுகோல் போதுமானது. வினாத்தாளைத் தமிழில் தருவதும், பெயர் எழுதாமல் பெறுவதும் முக்கியம். புதிய கருவியைக் குறை சொன்னால் மேலாளர் முகம் சுளிப்பார் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் எல்லோரும் பூஜ்யம்தான் போடுவார்கள்.

இரு அளவீடுகளும் எதிரெதிர்த் திசையில் போனால், எடுத்துக்காட்டாகக் கண் நலமாக இருந்து பிழை மட்டும் கூடினால், படி 4க்கும் படி 7க்கும் திரும்புங்கள். பிழை குறைந்து கண் மட்டும் களைத்தால் படி 2, 3, 8 ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

படி 10: கழற்றிய பின்

விழி திரும்புதலுக்கும் லென்ஸ் தடிப்பதற்கும் இடையிலான பிணைப்பு, கருவியை அணிந்திருக்கும்போது புதிய நிலைக்குச் சற்றே பழகிவிடுகிறது. கழற்றியவுடன் பழைய நிலைக்குத் திரும்பச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் தூரத்து எழுத்து சற்று மங்கலாகத் தெரிவதாகவோ, கை நீட்டும்போது அளவு தப்புவதாகவோ சிலர் சொல்வார்கள். எனவே நீண்ட அமர்வு முடிந்தவுடன் இருசக்கர வாகனத்தை எடுக்கக் கூடாது, கடைசி அமர்வை ஷிஃப்ட் முடிவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுமாறு அட்டவணை போடுங்கள்.

இரட்டையாகத் தெரிதல், ஒரு மணி நேரம் கழிந்தும் தீராத தலைவலி, ஒரே பக்கத்துக் கண்ணில் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்குக் கருவியை மீண்டும் அணியக் கூடாது. அடுத்த நாளும் தொடர்ந்தால் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த நபரின் பொருத்துதல் குறிப்பு, கண்மணி இடைவெளி, அணிந்திருந்த நேரம், செய்த வேலையின் தூரம் ஆகியவற்றை எழுதிய தாளையும் அவரிடம் கொடுத்து அனுப்புங்கள். புதிய கருவி வந்தாலும், மூக்குக்கண்ணாடியின் பவர் மாறினாலும், மேசை இடம் மாறினாலும் படி 2இலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.